நீராவிக் குழாயில் கட்டிய சைக்கிள்

எங்கள் தேயிலை ஸ்டோரில், அதாவது கொழுந்தைத் தூளாக்கும் தொழிற்சாலையில், நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு எண்ணெய் எஞ்சினைப் பூட்டியபோது, கழற்றிய சாமான்களோடு என்னையும் சேர்த்துக் கழற்றினார்கள். இதில் யார்மீதும் எனக்கு வருத்தமில்லை. நீராவியே இல்லாத இடத்தில் நீராவிப் பிட்டருக்கு என்ன வேலை? பெரிய துரை கைகொடுத்தார். கணக்கப்பிள்ளை மாலை போட்டார். புதிய எஞ்சினைப் பார்க்கிறவர் பதுளையிலிருந்து வந்துபோகிறவர் என்பதால், ஸ்டோர் வாசலுக்குப் பக்கத்திலிருக்கும் வீடு மட்டும் இன்னும் எங்களிடமே இருக்கிறது.

பட்டறையில் இப்போது வேலை செய்கிற இளைஞர்கள் சில வாரங்களாக என்னை விடுவதாயில்லை. "ஐயா, பாய்லர் காலத்து அனுபவத்த எழுதிக் குடுங்க, எங்களுக்குப் பிரயோசனமா இருக்கும்" என்கிறார்கள். சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அப்படியே அந்தச் சைக்கிள் கதையையும் சேத்துக்குங்க" என்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது எது என்று எனக்குத் தெரியும். வாழ்நாளெல்லாம் பாய்லர்களைக் கட்டிக் காத்தவனை இந்த மலையில் எல்லோரும் ஒரே ஒரு சைக்கிளை வைத்துத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். எழுதிவிடுகிறேன். அரம் பிடித்துப் பழகிய கை; எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளவும்.

நான் தொழில் பழகிய கதை சின்னது. பதுளை மிஷன் பள்ளியில் படித்தேன். என்னை உபதேசியாராக்க வேண்டுமென்று என் தகப்பனார் ஆசைப்பட்டார். ஆனால் பாய்லரின் நெற்றியில் ஆங்கிலத்தில் பொறித்திருக்கும் எச்சரிக்கையை வாசிக்க ஓர் ஆள் தேவைப்பட்டதால், மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் என்னை வேலைக்கு எடுத்தார்கள். வாசிக்கத் தெரிந்த என்னை அதன் பக்கத்தில் நிறுத்தினார்கள். வாசிக்கத் தெரியாதவர்கள் தூரத்தில் பத்திரமாக நின்றார்கள். படிப்பின் பயனை முதன்முதலில் அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

மிச்சத்தைக் கற்றுத்தந்தவர் இஞ்சின் துரை. அந்தப் பக்கத்துத் தோட்டங்களின் எஞ்சின்களுக்கெல்லாம் அவர் ஒருவரே பொறுப்பு. மட்டக்குதிரையில் வருவார். ஒரு பையில் சின்னச் சுத்தியல், மறு பையில் சுண்ணக்கட்டி. குழாய் மூட்டு ஒவ்வொன்றையும் சுத்தியலால் மெல்லத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பார். நல்ல மூட்டு மணிபோல ஒலிக்கும். கெட்ட மூட்டு கீறல் விழுந்த பானைபோல ஒலிக்கும். கெட்டதைச் சுற்றி ஒரு வெள்ளை வட்டம் போட்டுவிட்டு, வாயே திறக்காமல் அடுத்த மூட்டுக்குப் போவார். திட்டினால்கூட மாலைக்குள் மறந்துவிடலாம். வட்டம் அப்படியல்ல, மூட்டைச் சரிசெய்யும் வரைக்கும் அதை அழிக்கக்கூடாது. கொழுந்து நிறுக்க வரும் பெண்கள்கூட எட்டிப் பார்த்து, "பிட்டரய்யா வீட்டுல இன்னைக்குக் கோலம் போட்டிருக்கு டோய்" என்று சிரிப்பார்கள். வட்டம் போடாமல் அவர் குதிரையேறிவிட்டால் அதுதான் பாராட்டு. வேறு பாராட்டை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

ஒருமுறை மெல்லிய குழாய் ஒன்று பிளந்து, நீராவி என் காதோரமாகச் சீறிக்கொண்டு போனது. தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. மனதுக்குள்தான் ஏதோ இறுகிவிட்டது. அன்றிலிருந்து இரண்டு விதிகளை வைத்துக்கொண்டேன். ஒன்று, எங்கும் ஓட்டை இருக்கக்கூடாது. மற்றது, சந்தேகம் வந்தால் தடித்த குழாயைப் போடு. இந்த இரண்டு விதிகளாலும் எங்கள் ஸ்டோரில் ஒருவருக்கும் ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை. பாய்லருக்கு வெளியிலும் உலகம் இருக்கிறதென்பதைத்தான் நான் யோசிக்கவில்லை.

இனி என் மகள் எஸ்தரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே பிள்ளை. பதுளை ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கப் படித்து, எங்கள் தோட்டத்துக்கே மருத்துவச்சியாக வந்தாள். தோட்டத்து ஆஸ்பத்திரி மேல் பிரிவில் இருக்கிறது. அவளுக்கும் அங்கேயே அறை. அங்கிருந்து வண்டிப்பாதை மலையைச் சுற்றிக்கொண்டு ஸ்டோர் வரைக்கும் ஏறக்குறைய மட்டமாக வரும். ஸ்டோரைத் தாண்டியதும் வளைவு வளைவாகக் கீழ்ப் பிரிவுக்கு இறங்கும். வளைவுகளுக்குக் குறுக்கே தேயிலைக்குள்ளால் நேராக இறங்குகிற ஒற்றையடிப் பாதை ஒன்றும் உண்டு. ஆனால் மட்டமான பாதைதான் நீளம். அதற்குக் குறுக்கு வழி கிடையாது.

அவள் வேலைக்கு வந்த முதல் மழைக்காலத்தில் கீழ்ப் பிரிவில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து, பிரசவ வலி என்று ஆள் வந்தது. பாதை முழுவதும் ஓடியே போயிருக்கிறாள். அவள் போய்ச் சேரும்போது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. திரும்பி வரும்போது எங்கள் வீட்டுக்கு வந்து, சமையலறையில் உட்கார்ந்தாள். தன் அம்மா கொடுத்த தேநீரைக் குடிக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"அப்பா, எனக்கு ஒரு சைக்கிள் வேணும்."

பதுளையில் படிக்கும்போது மிஷன் அம்மா ஒருவரின் சைக்கிளில் ஓட்டிப் பழகியிருக்கிறாளாம். இந்தச் செய்தியே எனக்கு அன்றுதான் தெரியும். மிஷன் அம்மாவின் சைக்கிளில் நடுக்குழாய் குறுக்கே போகாது. சேலையோடு ஏறும்படி கீழே தாழ்ந்திருக்கும். அப்படிப்பட்ட சைக்கிள் பதுளைக் கடைத்தெருவில் இல்லை, பண்டாரவளையிலும் இல்லை. இதைக் கேட்டு என் மனம் குளிர்ந்தது.

"கெடைக்காதும்மா" என்றேன், வருத்தமாக இருப்பதுபோல.

"கெடைக்காதுன்னு தெரியும். நீங்க செஞ்சு குடுங்க."

"நான் பாய்லர் பிட்டரும்மா."

"அதுவும் குழாய்தான, இதுவும் குழாய்தான?"

அவளுடைய தாய் ஞானம் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். பெரிய துரை வேறு ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்: கீழ்ப் பிரிவுக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியாவிட்டால் வேறு ஆளைப் பார்க்க வேண்டிவரும் என்று. எஸ்தருக்கு அது பெரிதல்ல. அந்தத் தாயின் முகம்தான் அவளுக்குப் பெரிது. எனக்கோ அந்த வளைவுகள்தான் பெரிது. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் ஒன்றுமே இல்லை. என் பிள்ளை இரண்டு சக்கரத்தில் அந்தப் பாதையில் இறங்குவதை நினைத்துப் பார்க்கவே நான் விரும்பவில்லை.

ஆகவே ஒத்துக்கொண்டேன். மாட்டேன் என்றால் வேறு யாரிடமாவது போவாள். செய்கிறேன் என்று சொல்லிவிட்டால், எப்போது முடியும் என்பது என் கையில். அதற்குள் நல்ல மாப்பிள்ளை ஒருவன் வந்துவிடக்கூடும். இது என்னவோ மறைவான திட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் முதல் வாரத்திலேயே எஸ்தர், "அப்பா, பாய்லர மாத்திப் பூட்டுறதுக்கே இம்புட்டு நாள் எடுக்க மாட்டீங்க. எனக்குக் கல்யாணம் பேசி முடிச்சாலும் இதுல ஏறித்தான் போவேன்" என்றாள். அதற்குப் பிறகும் நாள் கடத்தினேன். தெரிந்தே கடத்துவது கொஞ்சம் சங்கடமாக இருந்தது, அவ்வளவுதான்.

சக்கரம், சங்கிலி, பெடல் எல்லாவற்றுக்கும் பதுளையில் காதர் நானாவின் கடைக்குப் போனேன். பழைய சாமான் எதுவும் அவரிடம் கிடைக்கும். பின்கட்டிலிருந்து ஒரு சைக்கிளை இழுத்துவந்தார். சட்டம் பழைய குடைபோல மடங்கிக் கிடந்தது.

"சின்னத் தொரை ஒருத்தர்ட சைக்கிள் இது. எல்ல ரோட்டுல ஒரு வளைவுல வுழுந்துட்டார்" என்றார் நானா.

"அவருக்கு என்ன ஆச்சு?"

"அவருக்கு என்ன, சீமைக்குப் போயிட்டார்." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்தார்: "கப்பல்லதான் போனார் பிட்டர். சொகமாத்தான் போனார்."

சட்டத்தை அவரிடமே விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தேன். முன் கவையையும் எடுக்கவில்லை. ஒருமுறை மடங்கிய இரும்பில் என் மகள் உட்காரக்கூடாது. எல்லாவற்றையும் புதிதாக நானே செய்வதென்று முடிவு செய்தேன். கூடுதல் நாளும் பிடிக்கும் அல்லவா?

அளவுக்கு ஒரு படம் வேண்டும். எஸ்தர் மிஷன் அம்மாவின் சைக்கிளை நினைவிலிருந்து கரியால் வரைந்தாள். அதற்கேற்ற அகலமான பலகை வீட்டில் ஒன்றுதான் இருந்தது. சமையலறைக் கதவைக் கழற்றிக் கிடத்தி, அதன்மேல் அவள் வரைய, கோடுகளின் ஓரத்தில் ஆணி அடித்துக் குழாய்களை இருத்தினேன். வேலை முடியும் வரைக்கும் கதவு பட்டறையில் இருந்தது. வடகீழ்ப் பருவ மழை சமையலறையில் இருந்தது.

"ஒங்க வீட்டுல கதவு எங்கன்னு கேக்குறாங்க. சைக்கிளாயிருச்சுன்னு சொல்லட்டா?" என்று ஞானம் கேட்டாள்.

குழாய் எது என்பதில் வாக்குவாதம் வந்தது. பட்டறையில் இரண்டு வகை கிடந்தன: தண்ணீருக்கு வருகிற மெல்லிய குழாய், நீராவிக்கு வருகிற தடித்த குழாய். எஸ்தர் மெல்லியதைத் தூக்கிப் பார்த்து, "இது போதும்ப்பா" என்றாள். என் காதோரம் சீறிப்போன நீராவி எனக்கு நினைவுக்கு வந்தது. தடித்ததை எடுத்தேன். அவள் தாயைப் பார்த்தாள். தாய் ஈரமான விறகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலையைத் தொடங்கியதும் ஒரு விபரீதம் நடந்தது. எனக்கு அந்த வேலை பிடித்துப்போனது. ஒரு குழாயின் முனை மற்றக் குழாயின் முதுகில் இடைவெளியில்லாமல் உட்கார வேண்டும். அதற்கு முனையை மீன் வாய்போல வளைவாக அராவ வேண்டும். கொஞ்சம் அராவி, வைத்துப் பார்த்து, வெளிச்சம் தெரிகிற இடத்தில் மறுபடி அராவி, கடைசியில் மயிரிழை வெளிச்சமும் தெரியாமல் பொருந்துகிறபோது வருகிற சந்தோஷத்தைத் தொழில்காரனால் மறைக்க முடியாது. மெதுவாகச் செய்ய வேண்டுமென்று நினைத்துக்கொண்டேதான் போவேன். கையில் அரம் வந்ததும் அந்த எண்ணம் மறந்துவிடும். கெட்ட மூட்டு ஒன்று செய்திருந்தால் எல்லாமே அங்கேயே நின்றிருக்கும். அது மட்டும் என்னால் முடியவில்லை.

ஒட்டுவதற்குப் பழைய பித்தளைத் திருகாணிகளை அராவித் தூளாக்கினேன். வெங்காரத்தை நீரில் குழைத்து மூட்டில் பூசி, பித்தளைத் தூளைத் தூவி, கரியடுப்பில் துருத்தி ஊத வேண்டும். குழாய் முதலில் கறுக்கும், பிறகு சிவக்கும். வெங்காரம் பொங்கி அடங்கிக் கண்ணாடிபோல உருகும். அந்தச் சமயத்தில் கண்ணை எடுக்கக்கூடாது. பித்தளை திடீரென்று நீர்போல ஓடி, மூட்டைச் சுற்றி ஒரு மஞ்சள் கோடாக நிற்கும். அந்த நொடியில் துருத்தியை நிறுத்தவேண்டும். ஒரு ஊதல் கூடினால் பித்தளை எரிந்து வெள்ளைப் புகையாகப் போய்விடும்.

முதல் மூட்டு அழகாகப் பிடித்தது. அதே குழாயின் மறு முனை பிடிக்கவில்லை. பித்தளை ஓடும், இறுகப் போகும் நேரத்தில் அதன் நடுவே ஒரு குமிழ் கிளம்பி 'பட்' என்று உடையும். ஊசித் துளை ஒன்று மிஞ்சும். அராவி எடுத்துவிட்டு மறுபடி ஒட்டினேன். மறுபடி குமிழ். அடுத்த குழாயிலும் இதே கதை. ஒரு முனை சொன்ன பேச்சைக் கேட்டது, மறு முனை கேட்கவில்லை. நீங்கள் விற்ற வெங்காரத்தில் கலப்படம் என்று காதர் நானாவுக்கு ஆளனுப்பினேன். "வெங்காரத்துல கலப்படமிருந்தா ரெண்டு முனையும்தானே கெட்டுப்போகோணும்? பிட்டர்கிட்டக் கேட்டுட்டு வா" என்று ஆளைத் திருப்பி அனுப்பினார்.

நியாயமாக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சைக்கிள் முடியாமல் போவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. எஸ்தரே வந்து பார்த்துவிட்டு, "ஒங்களால முடியலன்னா விட்ருங்கப்பா" என்றாள். அவள் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் விட்டிருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் புகை தெரிவதைப் பார்த்து இஞ்சின் துரை வந்துவிட்டார். கதவின்மேல் ஆணிகளுக்கு நடுவே கிடந்த சட்டத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். சுத்தியலை எடுத்தார். முதல் மூட்டைத் தட்டினார், மணி. மறுமுனையைத் தட்டினார், பானை. சுண்ணக்கட்டியை எடுத்தார். ஆனால் மூட்டைச் சுற்றி வட்டம் போடவில்லை. குழாயின் நடுவில், எந்தக் குற்றமும் இல்லாத இடத்தில், ஒரு புள்ளி வைத்தார்.

"இங்கே ஓட்டை போடு."

"ஓட்டையா தொரை?"

"உள்ளே காத்து இருக்குது. சூடு பட்டா பெருசாகுது. ரெண்டு பக்கமும் நீ மூடிட்டே. அது எங்கே போகும்? உன் பித்தளையைத் தள்ளிட்டுத்தான் போகும்."

நீராவிக் குழாய்க்கு எப்போதும் இரண்டு முனையும் திறந்திருக்கும். ஒரு பக்கம் பாய்லர், மறு பக்கம் எஞ்சின். இரண்டு பக்கமும் மூடிய குழாயை என் வாழ்நாளில் நான் ஒட்டியதே இல்லை. உள்ளே இருப்பதற்கும் ஒரு வழி வேண்டும் என்பது என் புத்தியில் ஏறாமல் போனது. வாழ்நாளெல்லாம் ஓட்டைகளை அடைத்த கையால், நல்ல குழாய்களில் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டேன். அதற்குப் பிறகு எல்லா முனைகளும் ஒரே ஊதலில் பிடித்தன.

சட்டம் முடிந்ததும் துரை மறுபடி வந்தார். ஒவ்வொரு மூட்டாகத் தட்டினார். எல்லாம் மணி. சுண்ணக்கட்டி பையிலேயே இருந்தது. பிறகு ஒரு கையால் சட்டத்தைத் தூக்கப் பார்த்தார், இரண்டு கையாலும் தூக்கினார், இறக்கி வைத்தார்.

"பாய்லருக்குச் சக்கரம் வெச்சிருக்கே" என்றார்.

இதைவிட மேலான சொல்லை அவரிடமிருந்து நான் எதிர்பார்க்கவில்லை. வீட்டுக்குப் போய் ஞானத்திடம் சொன்னேன். "பாராட்டுனாரா?" என்று கேட்டாள். "பின்னே?" என்றேன்.

சங்கிலிக்கு மேலே மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி மூடி செய்தேன், சேலை சிக்காமல் இருக்க. முன் சக்கரத்து டயரை மேலிருந்து அழுத்தும் பிரேக் ஒன்றையும் பழைய சைக்கிளிலிருந்து எடுத்துப் பூட்டினேன். பிறகு எஸ்தரிடம் சைக்கிளை ஒப்படைத்து, ஒரு நிபந்தனை போட்டேன். மட்டப் பாதையில் ஓட்டலாம். ஸ்டோர் வாசலில் இறங்கி, சைக்கிளை என் கண்பார்வையில் நிறுத்திவிட்டு, குறுக்குப் பாதையில் நடந்துதான் கீழ்ப் பிரிவுக்குப் போக வேண்டும். வளைவுகளில் சைக்கிள் இறங்கக்கூடாது.

"சரிப்பா" என்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தாள். தினமும் வாசலுக்கு வெகு தூரத்திலிருந்தே பிரேக்கை அழுத்தத் தொடங்கி, சரியாக என் ஜன்னலுக்கு நேரே வந்து இறங்குவாள். மேல் பிரிவுக்குத் திரும்பும்போது மூச்சு வாங்க மிதிப்பாள். "இத ஓட்டுறதும் எருமைய ஓட்டுறதும் ஒண்ணுதான்" என்பாள். எனக்கு அதில் ஒரு திருப்தி. எருமை பத்திரமான பிராணி.

அன்றைக்கு மழை. பெருமழை இல்லை, இலையையும் பாதையையும் நனைத்துவிட்டு நிற்காமல் தூறுகிற மழை. நான் பாய்லரின் தண்ணீர் மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தகரமூடியின் சத்தம் கேட்டது. எஸ்தர் வருகிறாள் என்று வெளியே எட்டிப் பார்த்தேன். வருகிறவள் வாசலில் நிற்கவில்லை. பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து அழுத்துகிறாள். நனைந்த டயரில் அது வழுக்கிக்கொண்டு பாடுகிறது. மருந்துப் பை முதுகில். என்னைத் தாண்டிப் போகும்போது கத்தினாள்:

"அப்பா, நிக்க மாட்டேங்குது!"

அடுத்து வருவது வளைவுகள்.

நான் குறுக்குப் பாதையில் விழுந்து ஓடினேன். விழுந்து என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளவும். தேயிலைச் செடிகளைப் பிடித்து எழுந்து, முதல் வளைவில் வெளியே வந்தேன். ஈர மண்ணில் சக்கரத் தடம் மட்டும் இருந்தது. மறுபடி தேயிலைக்குள் இறங்கினேன். இரண்டாவது வளைவுக்கு அவளுக்கு முன்னால் வந்துவிட்டேன். பாதையின் நடுவில் நின்று, வண்டி மாட்டை மறிக்கிறவன்போல இரண்டு கைகளையும் விரித்தேன். வளைவைச் சுற்றிக்கொண்டு அவள் வந்தாள். அந்தக் குழாய்களின் தடிப்பு எனக்குத் தெரியும். அது வருகிற வேகமும் கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என்ன ஆகும் என்பதும் தொழில்முறையில் தெரியும்.

"தள்ளிருங்கப்பா! தள்ளிருங்க!"

தள்ளிக்கொண்டேன். பெற்ற பிள்ளையைக் காப்பாற்ற வந்தவன் பள்ளத்தில் ஒதுங்கி வழிவிட்டேன். அவள் முகம் ஒரு நொடி தெரிந்தது. அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வளைவில் நான் வெளியே வந்தபோது சக்கரத் தடம் வளைவோடு வளையவில்லை. மலைப் பக்கமாக, நேரே தேயிலைக்குள் போயிருந்தது. செடிகளை முறித்துக்கொண்டு உள்ளே போய், இரண்டு செடிகளுக்கிடையில் சைக்கிள் நிமிர்ந்தபடி நின்றது. அவளைக் காணவில்லை.

ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது. குனிந்து சட்டத்தின் மூட்டுகளைப் பார்த்தேன். ஒன்றுகூட விரிசல் விடவில்லை. மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி சத்தமாகச் சொன்னாள்:

"இங்க பாரு டீ, மகளத் தேடாம சைக்கிளத் தடவிப் பாக்குறாரு!"

"எஸ்தர் எங்க?" என்று கத்தினேன்.

"நர்சம்மா எந்திரிச்சு லயத்துக்கு ஓடிருச்சு. கால நொண்டிக்கிட்டுத்தான் ஓடுச்சு. நீங்களும் ஓடுங்க பிட்டரய்யா, போங்க!"

லயத்தை நெருங்கும்போது உள்ளேயிருந்து ஒரு அலறல் கேட்டது. எஸ்தரின் குரல் என்று நினைத்து உள்ளே பாய்ந்தேன். வாசலில் நின்ற ஆள் என்னைத் தடுத்து, "ஐயா, அது எம் பொஞ்சாதி. நர்சம்மா நல்லாத்தான் இருக்காங்க" என்றான். தன் மனைவியின் அலறலைக் கேட்டுக்கொண்டே எனக்கு ஆறுதல் சொன்ன அந்த மனிதனை நான் மறக்கமாட்டேன். பெயர் வேலு.

சாக்குத் திரை விலகி எஸ்தரின் முகம் தெரிந்தது. நெற்றியில் மண், முழங்கைத் தோல் உரிந்திருந்தது.

"அப்பா, வந்துட்டீங்களா? வெந்நீர் போடுங்க. சீக்கிரம்." திரை மூடிக்கொண்டது.

மூன்று கல், ஒரு தகரம், கொஞ்சம் ஈர விறகு. பாய்லரில் நீராவி கிளப்புவதையே பிழைப்பாக வைத்திருந்தவன் நான். தீக்குச்சிகளை உரசினேன். ஒன்று முறிந்தது, ஒன்று நனைந்தது, ஒன்று பற்றி என் விரலைச் சுட்டு அணைந்தது. வேலு என் கையிலிருந்து பெட்டியை மெதுவாக வாங்கி, விறகைத் திருப்பி அடுக்கி, ஒரே குச்சியில் பற்றவைத்தான்.

"நீங்க ஒக்காருங்கய்யா" என்றான்.

தண்ணீர் கொதித்து உள்ளே போய் வெகுநேரம் கழித்து, மெல்லிய குரலில் ஒரு அழுகை கேட்டது. பிறகு அது பலத்தது. வேலு சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

எஸ்தர் வெளியே வந்து என் பக்கத்தில் அமர்ந்தாள். பொம்பளைப் பிள்ளை, தாய் சுகம் என்றாள். கொடி கழுத்தைச் சுற்றிக்கொண்டு வந்ததாம். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று தொடங்கி, முடிக்காமல் விட்டாள். இவ்வளவு வேகமாக அவள் எப்படி வந்து சேர்ந்தாள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். நடந்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் தெரியும். என் நிபந்தனையைப் பற்றி யாரும் பேசவில்லை.

சைக்கிளை மேலே கொண்டுபோக வேண்டியிருந்தது. ஒரு வளைவு வரைக்கும் வேலு உதவிக்கு வந்தான். தள்ளிக்கொண்டே, "ஐயா, தப்பா நெனைக்காதீங்க. இத யாரு செஞ்சது?" என்று கேட்டான்.

"கொழும்புச் சாமான்" என்றேன்.

எஸ்தர் நின்றுவிட்டாள். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க முழங்கை வலித்து "ஆ" என்றாள். பிறகும் சிரித்தாள். வேலுவை அனுப்பிவிட்டு நாங்கள் இருவரும் தள்ளினோம். இரண்டாவது வளைவில் நான் மூச்சு வாங்க நின்றேன்.

"மழையில அந்தப் பிரேக்கு பிடிக்கல, உண்மைதான். ஆனா பிரேக்கு மட்டும் குத்தமில்ல, என்னப்பா?" என்றாள்.

"இல்லம்மா."

"கனம்."

"ஆமா."

"நான் விழுந்தா ஒடையக்கூடாதுன்னு செஞ்சீங்க. நான் விழாம இருக்கிறதுக்குச் செய்யல."

பதில் சொல்ல மூச்சு இல்லை என்று காட்டிக்கொண்டேன். முதல் வளைவில் நானாகவே சொன்னேன், கொழும்பில் சைக்கிளுக்கென்றே மெல்லிய குழாய் விற்கிறார்களாம், காதர் நானாவிடம் சொல்லி எடுப்பிக்கலாம் என்று. "ரெண்டு பிரேக்கு" என்றாள். "ரெண்டு" என்றேன். ஸ்டோர் வாசலில் ஞானம் நின்றுகொண்டிருந்தாள். மகளைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை இங்கே எழுத அவசியமில்லை.

மெல்லிய குழாய் வந்தது. அதை அராவும்போது ஒவ்வொரு தடவையும் கை தயங்கியது. எவ்வளவு மெலிதென்றால், விரலால் சுண்டினால் ஒலிக்கிறது. இதன்மேல் என் பிள்ளை உட்காரப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டே நடுவில் ஓட்டை போட்டேன், வெங்காரம் பூசினேன், பித்தளை ஓட்டினேன். இம்முறை நாள் கடத்தவில்லை. முடிந்த சட்டத்தை எஸ்தர் ஒரு கையால் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். பழைய முன் பிரேக்கோடு, பின் சக்கரத்துக்கு ரப்பர்க் கட்டைகள் வளையத்தை இருபுறமும் கவ்வுகிற பிரேக் ஒன்றைப் பூட்டி, நனைத்து நனைத்துப் பார்த்தேன். அதற்குச் சில வாரங்களுக்குப் பிறகுதான் எண்ணெய் எஞ்சின் வந்து எனக்கு ஓய்வு கிடைத்தது.

பட்டறைப் பிள்ளைகள் என்னிடம் பாடம் ஏதாவது எதிர்பார்க்கிறார்களா என்று தெரியவில்லை. மூடிய குழாயில் ஓட்டை போடுங்கள். அதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். மற்றதில் நான் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

கீழ்ப் பிரிவிலிருந்து ஆள் வருகிற நாட்களில் எஸ்தர் மட்டப் பாதையில் வேகமாக வருவாள். ஸ்டோர் வாசலில் நான் நிற்பேன். அவள் இரண்டு பிரேக்குகளையும் அழுத்துவாள். மழையானாலும் வெயிலானாலும் சைக்கிள் சரியாக என் முன்னால் நின்றுவிடும். ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு என்னைப் பார்ப்பாள்.

"நிக்குது பாத்தீங்களாப்பா?"

"பாத்தேன்."

"அப்பப் போயிட்டு வரட்டா?"

சரியென்று தலையை ஆட்டுவேன். காலை எடுத்துப் பெடலில் வைத்து, வளைவுகளை நோக்கி இறங்கிப் போய்விடுவாள்.